ஒரு சத்தம் வருது, கேட்குதா?

காரில் ஏறியதும் ஏ.சி. போடுகிறவர்கள் உண்டு, பாட்டுப் போடுகிறவர்கள் உண்டு. நம் அன்பர் இரண்டையும் அணைப்பார். கண்ணாடியைக் கீழே இறக்குவார். பின்சீட்டில் கல்யாண விஷயம் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் கையை உயர்த்தி நிறுத்துவார். "ஒரு நிமிஷம், யாரும் பேசாதீங்க. ஒரு சத்தம் வருது, கேட்குதா?"

கேட்காமல் என்ன? 1997 மாடல் மாருதி 800க்குள் உட்கார்ந்தால் கேட்காத சத்தம் எது? கதவு தன் பங்குக்கு ஆடும், டேஷ்போர்டு முனகும், சைலன்சர் இருமும். அன்பருக்கு அவையெல்லாம் சத்தமே அல்ல. "அதில்லீங்க, அதுக்கும் பின்னால, மெலிசா. ஆக்சிலரேட்டரை மிதிச்சா ஏறுது, விட்டா இறங்குது." நாமும் மரியாதைக்காக, "ஆமா, லேசா ஏதோ…" என்று இழுப்போம். போச்சு. இனி மெக்கானிக்கிடம் போனால் நாம்தான் சாட்சி.

இந்த இனத்தார் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். ஆபீஸ் லோனில் வாங்கிய முதல் காரை விற்க மனம் வராதவர்கள். பதினைந்து வருஷம் முடிந்த பிறகும், ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசில் கொண்டுபோய் நிறுத்திக் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்து வருகிறவர்கள். 2014இல் கம்பெனியே இந்த மாடலைத் தயாரிப்பதை விட்டுவிட்டது. "அவங்க விட்டாங்க, நான் விடல" என்பார் அன்பர். மருமகன் புது வண்டிப் பேச்சை எடுத்தால், "796 சி.சி., மூணு சிலிண்டர், கார்புரேட்டர். பானெட்டைத் திறந்தா எது எங்கே இருக்குன்னு தெரியும். உங்க வண்டியில திறந்தா பிளாஸ்டிக் மூடிதானே தெரியுது?" என்று அந்த அத்தியாயத்தை முடித்துவிடுவார்.

சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று அறிய அவரிடம் ஒரு முறை உண்டு. நீளமான காம்பவுண்டுச் சுவராகப் பார்த்து, அதை ஒட்டி இரண்டாவது கியரில் போவார். சத்தம் சுவரில் பட்டுக் காதுக்குத் திரும்பும். பிறகு வண்டியைத் திருப்பி, மறுபக்கம் சுவர் வரும்படி ஓட்டுவார். முறை சரியானதுதான். ஆனால் அவர் தேர்ந்தெடுத்தது ஒரு பெண்கள் பள்ளியின் சுவர். மணி அடிக்கும் நேரத்தில், தலையைப் பாதி வெளியே நீட்டிக்கொண்டு, ஒருவர் ஊர்ந்து ஊர்ந்து நான்கு தடவை போய் வந்தால் வாட்ச்மேன் என்னதான் நினைப்பார்?

அடுத்தது பார்க்கில் மருத்துவக் குழு. காலை நடைக்கு வரும் நண்பர்கள்தான். ஒருவர் "டேப்பட்" என்றார். போன வருஷம்தான் இன்ஜின் வேலை பார்த்தவர். இன்னொருவர் "வாட்டர் பம்ப்" என்றார். திண்டிவனம் தாண்டி இன்ஜின் சூடேறி, குடும்பத்தோடு நடுரோட்டில் நின்றவர். தன் வண்டிக்கு எதற்குச் செலவழித்தாரோ, அதையே அடுத்தவர் வண்டிக்கும் எழுதிக் கொடுப்பது இந்தக் குழுவின் வழக்கம். செலவே செய்யாத ஒருவர் மட்டும், "வித்துடுங்க" என்றார். அவரோடு அன்பர் இப்போது பேசுவதில்லை.

அன்பருக்கோ சொந்த அனுபவமும் கை கொடுத்தது. சில மாதங்களுக்கு முன் காலையில் ஸ்டார்ட் செய்ததும் பெல்ட் 'கீச்'சென்று கத்தியது. முதலில் பெல்ட்டில் சோப்பைத் தேய்த்துப் பார்த்தார். இரண்டு நாள் அடங்கிற்று. பிறகு ஸ்பேனரை எடுத்து, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரை நெம்பி இழுத்து, பெல்ட்டை வீணைத் தந்தி போல் முறுக்கி டைட் வைத்தார். 'கீச்' போயே போச்சு. அந்த வெற்றிக் கதையைத் தெருவில் கேட்காதவர் இல்லை. பெல்ட்டைத் தாம் ஏற்கெனவே குணப்படுத்திவிட்டதால், இந்தப் புதுச் சத்தம் அந்தப் பக்கத்திலிருந்து வர வாய்ப்பே இல்லை என்பது அவர் கட்சி.

கடைசியில் புதுப்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில் செல்ப், டைனமோ வேலை பார்க்கும் பாயிடம் வண்டி வந்து சேர்ந்தது. கடைக்கு இந்தப் பக்கம் லேத், அந்தப் பக்கம் டிங்கரிங். வண்டியின் சத்தம் அங்கே யாருக்குக் கேட்கும்? ஆகவே அன்பர் தம் வாயாலேயே அதைச் செய்து காட்டினார்.

"ங்ர்ர்ர்ர்… இப்படி ஆரம்பிச்சு, ஸ்பீடு எடுத்தா ஙீஈஈ…"

பாய் டீயைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். "சார், கீச்சுன்னா பெல்ட்டு. ஹெட்லைட் போட்டா உய்ங்குனு ஏறுச்சுன்னா டயோடா இருக்கும். கொரகொரன்னா பேரிங். நீங்க பண்ணிக் காட்டுறது எல்லாத்துலயும் கொஞ்சம் இருக்கு. வண்டியையே கேட்டுடலாம், பானெட்ட தூக்குங்க."

பிறகு நடந்ததை அன்பர் இன்றும் பக்தியோடு விவரிப்பார். நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஆல்டர்னேட்டர் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக் கேட்டார் பாய். ஓடும் பெல்ட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். பெல்ட் கோளாறாக இருந்தால் சத்தம் அந்த நிமிஷமே கூடவோ குறையவோ செய்யும். இதுவோ அசையவில்லை. இன்ஜினை நிறுத்திப் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, அரை நிமிஷம் மட்டும் ஓட்டிப் பார்த்தார். நிசப்தம்! "ஆச்சு, ஆல்டர்னேட்டர்தானே?" என்று அன்பர் பர்சைத் தடவினார். "இருங்க சார். இந்த ஒரே பெல்ட்டுதான் வாட்டர் பம்பையும் சுத்துது. பெல்ட்டு இல்லேன்னா அதுவும் நிக்கும். ரெண்டுல யாருன்னு பாக்க வேணாமா?" பாய் இரண்டு புல்லிகளையும் கையால் சுழற்றினார். வாட்டர் பம்ப் வழுக்கிக்கொண்டு சுற்றியது. ஆல்டர்னேட்டர் புல்லி மணலில் உருண்டது. பிடித்து ஆட்டினால் ஆட்டமும் இருந்தது.

"பேரிங் போச்சு சார். பெல்ட்ட யாரு இவ்ளோ டைட் வெச்சது? நடுவுல கட்டை விரலால அழுத்துனா அரை இஞ்சுக்குக் கொஞ்சம் கம்மியாவது இறங்கணும். இப்படி இழுத்துக் கட்டுனா பேரிங்தான் முதல்ல சாகும்."

"யாரோ தெரியாத மெக்கானிக்" என்றார் அன்பர், சந்தின் மறுகோடியைப் பார்த்தபடி.

ஆனாலும் சட்டென்று விட்டுக் கொடுக்கிற இனம் அல்லவே. மீட்டர் வைத்துப் பார்த்தால் வண்டி ஓடும்போது 14 வோல்ட் வருகிறது. நல்ல ஆல்டர்னேட்டர் தர வேண்டியது 13.8 முதல் 14.5. "சார்ஜ் ஜம்முனு ஏறுதே பாய், எதுக்கு மாத்தணும்?" என்று வாதாடினார். கரண்டு கொடுப்பது காயில், சத்தம் போடுவது பேரிங், இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது என்று பாய் விளக்க வேண்டியதாயிற்று. "அப்போ முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு, ரெண்டு பேரிங் இருக்கே, கெட்டது மட்டும் போடுங்களேன்" என்றார் அன்பர். பிரித்துப் பார்த்ததில் ஸ்லிப் ரிங்கில் பள்ளம் விழுந்திருந்தது, கார்பன் பிரஷ் அடிமட்டத்துக்குத் தேய்ந்திருந்தது, பேரிங் உட்காரும் இடமும் லூசாகியிருந்தது. முழுசாக மாற்றுவதுதான் வழி.

புதுசுக்கு ஜி.பி. ரோடு, பழசுக்குப் புதுப்பேட்டை. அன்பர் இரண்டையும் ஒரே நாளில் சுற்றினார். பழைய பீஸ் கடையில் ஒவ்வொன்றையும் தூக்கிக் காதருகே வைத்துச் சுழற்றிக் கேட்டார். கையால் சுற்றினால் எல்லாப் பீசும் நல்ல பீஸ்தான். ஆல்டர்னேட்டர் இன்ஜினைவிட வேகமாகச் சுழல்வது, வண்டியில் மாட்டிச் சுழலும்போதுதான் குணம் தெரியும். "சார், இது உங்களுக்குத் திருப்தியாகாது, புதுசு வாங்கிக்கங்க" என்று கடைக்காரரே கைகூப்பிவிட்டார். அது அவர் வியாபாரத்தில் அபூர்வமான சொல். ஜி.பி. ரோட்டிலோ இரண்டு புல்லிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விட்டமும் பள்ளமும் ஒத்துப்போகின்றனவா என்று ஸ்கேலால் அளந்த பிறகே பணம் எண்ணினார்.

மாட்டும் வேலையை அவர் மேற்பார்வை பார்த்தார். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினால்தான் அடுத்த நட்டில் கை வைக்க விட்டார். அது நியாயம், ஆல்டர்னேட்டருக்கு வரும் தடித்த ஒயரில் எப்போதும் கரண்டு உண்டு, ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். ஒயர்களைப் போனில் படம் பிடித்துக்கொண்டார். எல்லாம் மாட்டி, பெல்ட்டைப் பாய் தம் கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, ஸ்டார்ட் செய்ததும் அன்பர் ஒரு யோசனை சொன்னார்: "ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழட்டிப் பாருங்களேன். அப்பாவோட அம்பாசடர்ல அப்படித்தான் பார்ப்பாங்க."

பாய் முதன்முறையாகக் குரல் உயர்த்தினார். "சார்! அது டைனமோ காலம். இதுல கழட்டினா வோல்ட்டு எகிறி டயோடு, ரெகுலேட்டர் எல்லாம் காலி. இப்பத்தான் காசு கொடுத்தீங்க!"

பழைய ஆல்டர்னேட்டர் செய்தித்தாளில் சுற்றப்பட்டு வீட்டுப் பரணுக்குப் போயிற்று. "செம்பு இருக்கு" என்றார் அன்பர். "ஏற்கெனவே அங்கே ஒரு ரேடியேட்டரும் இருக்கு" என்றார் அவர் மனைவி.

அன்றிலிருந்து நம் அன்பர் டாக்டர். மாடி வீட்டுக்காரர் மிக்சியில் 'கொரகொர' கேட்டால் "பேரிங்" என்பார். தெருவில் ஒரு வேன் முனகிக்கொண்டு போனால், "ஆல்டர்னேட்டர், எழுதி வெச்சுக்கோங்க" என்பார். பத்தில் ஒன்று சரியாகவும் இருக்கும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மீதி ஒன்பதையும் ஓட்டிவிடுவார். நீண்ட ஸ்க்ரூ டிரைவர் ஒன்றும் வாங்கிவிட்டார்.

போன மாதம் அக்கா மகன் மின்சாரக் கார் வாங்கிக்கொண்டு ஆசி கேட்டு வந்தான். அன்பர் ஸ்க்ரூ டிரைவரோடு இறங்கி வந்தார்.

"ஆல்டர்னேட்டர் எங்கேடா?"

"இதுல கிடையாது மாமா. பெரிய பேட்டரியில இருந்தே கன்வெர்ட்டர் வழியா 12 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஆயிடும்."

"பெல்ட்?"

"கிடையாது மாமா."

ஒரு சுற்றுப் போய் வந்தார்கள். அன்பர் வழி முழுதும் காதைக் கொடுத்துப் பார்த்தார். டயர் ரோட்டில் உரசுவதைத் தவிர ஒன்றுமில்லை.

"வண்டி நல்லாத்தான் இருக்கு" என்றார் இறங்கும்போது. "ஆனா வாயே திறக்க மாட்டேங்குதே. நாளைக்கு ஏதாவது கோளாறுன்னா எப்படித் தெரியும்?"

"போன்ல மெசேஜ் வந்துடும் மாமா."

அன்பருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "மெசேஜ் வர்ற வரைக்கும் மனுஷன் சும்மா உட்கார்ந்திருக்கணுமாடா?"