டி.டி. மாமா

தெருவுக்கு ஒரு டி.டி. மாமா நிச்சயம் உண்டு. வயது அறுபதைத் தாண்டியிருக்கும். கொஞ்சம் சர்க்கரை, நிறைய ஆலோசனை. ரோஜா முள் குத்தினாலும், சவரம் செய்யும்போது பிளேடு இழுத்தாலும், கால் மணி நேரத்தில் கிளினிக் வாசலில் விரலைத் தூக்கிப் பிடித்தபடி நிற்பார்.

"டாக்டர், எதுக்கும் ஒரு டி.டி. ஊசி போட்டுடுங்க."

"கடைசியா எப்ப போட்டீங்க?"

அதுதான் மாமாவுக்கு நினைவிருக்காது.

அவருடைய ஜென்மப் பகை துருப்பிடித்த ஆணி. பளபளக்கிற ஆணி குத்தினால் அவருக்குப் பயமில்லை. டெட்டனஸ் கிருமியோ துருவில் பிறப்பதில்லை. மண்ணிலும் புழுதியிலும் சாணத்திலும் கிடப்பது. தவணைகளை ஒழுங்காக முடித்தவருக்கு 10 ஆண்டுக்கு ஒரு ஊசி போதும். அழுக்கேறிய ஆழமான காயமென்றால் மட்டும், முந்தைய ஊசிக்கு 5 ஆண்டு ஆயிற்றா என்று டாக்டர் பார்ப்பார். மாமா தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு வெள்ளையடிக்கையில் ஒன்று என்று போய்க்கொண்டிருக்கிறார்.

பேத்தி விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. 6, 10, 14 வாரம், 9ஆம் மாதம் என்று தேதிகள் எல்லாம் மனப்பாடம். தடுப்பூசி அட்டை பீரோவில் வீட்டுப் பத்திரத்துக்கும் மேலே இருக்கிறது. புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் ஆளாக உட்கார்ந்து, மற்ற குழந்தைகளின் அம்மாக்களுக்கு, "ராத்திரி காய்ச்சல் அடிக்கும், பயப்படாதேம்மா" என்று நர்சுக்கு முன்பே சொல்லிவிடுவார். ஊசி ஏறும்போது கண்ணை மூடிக்கொள்வது பேத்தி அல்ல, அவர்தான். 2017இல் தட்டம்மை–ரூபெல்லா முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் வதந்திகள் பறந்தன. மாமா ஒன்றையும் நம்பவில்லை. ஃபார்வர்டு மட்டும் செய்தார்.

அதே மாமாவிடம், "சர்க்கரை இருக்கு, வயசும் ஆச்சு. வருஷத்துக்கு ஒரு ஃப்ளூ ஊசி, அப்புறம் நிமோனியாவுக்கு ஒண்ணு போட்டுக்கலாமே" என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார்.

"அதெல்லாம் குழந்தைகளுக்கு, டாக்டர்!"

பேத்திக்கு அரசு இலவசமாகப் போட்ட, நிமோனியாவுக்கான நியூமோகாக்கல் ஊசி, பெரியவர்களுக்குத் தனியாரிடம் சில ஆயிரம் ரூபாய். விலையைக் கேட்டதும் மாமாவின் நுரையீரல் உடனே திடமாகிவிட்டது. டி.டி. தவிர வேறு ஊசியும் பெரியவர்களுக்கு உண்டு என்பதை அவர் ஒரே ஒரு முறை ஒப்புக்கொண்டது 2021இல், கோவிட் காலத்தில். அந்தச் சான்றிதழ் இன்னும் அவர் போனில் இருக்கிறது, கேட்காதவர்களுக்கும் காட்டுவார்.

இதுவரை சிரிக்கலாம். ஆனால் தெருநாய் பிராண்டினால் மாமா என்ன செய்வார் தெரியுமா? மஞ்சள் பொடியை அப்பிக்கொண்டு டி.டி. போடப் போவார். "நம்ம தெரு நாய்தானே" என்று வெறிநாய்க்கடி ஊசியை மட்டும் விட்டுவிடுவார். வற்புறுத்தி அழைத்துப் போனாலும் இரண்டு ஊசியோடு நின்றுவிடுவார்.

ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. உங்கள் தெரு மாமாவை நாய் கடித்தாலோ பிராண்டினாலோ, முதலில் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் சொல்லுங்கள். அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். முதல் ஊசிக்குப் பிறகு 3, 7, 28ஆம் நாட்களிலும் போட்டாக வேண்டும். அங்கே அது இலவசம்.