மேத்தன் மணியும் ஒரு 'ஹாயும்'

எடே மக்கா, இங்க வந்து இரி. அந்த ஃபோனைக் கொஞ்சம் கீழ வை. மாட்டியா? செரி, கையிலயே வச்சுக்கோ. அது விழுந்தா நீயும் கூட விழுந்திருவே.

கழக்கூட்டத்துல, டெக்னோபார்க்குல பெரிய சோலி உனக்கு. நாள் முழுக்க தட்டிக்கிட்டே இருக்கே. ஆனா சேக்காளிக்கு ஒரு வரி எழுதத் தெரியல்லியே! நேத்து பாத்தேன். 'ஹாய்'னு ஒண்ணு போட்டே. அவனும் 'ஹாய்'னான். பொறவு ரெண்டு பேரும் கம்முனு இருந்தீங்க. நடையில வந்து கதவைத் தட்டிட்டு, தூணு மறைவுல போய் நின்ன மாதிரி. வந்தவன் கடன் கேக்க வந்தானா, கல்யாணம் சொல்ல வந்தானான்னு உள்ள இருக்கப்பட்டவனுக்கு வயித்தைக் கலக்காதா?

திருவிதாங்கூருக்குன்னு தனி அஞ்சல் இருந்துச்சு, கேட்டியா. 1951-லதான் இந்தியத் தபாலோட சேத்தாங்க. பழைய நாள்ல அஞ்சல்காரன் மணி கட்டின கம்போட ஓடுவானாம், வழியில ஆளு விலகி நிக்கணுமாம். எங்க தாத்தா சொல்லுவாரு. அப்பிடி வேர்த்து விறுவிறுத்து ஓடியாந்தவன் பையில வெறும் 'ஹாய்'னு ஒரு காயிதம் இருந்திருந்தா, அந்தக் கம்பாலயே எழுதினவனை நாலு போட்டிருப்பான். அன்னைக்குக் காயிதம் எப்பிடித் தொடங்கும்? 'நலம். நலமறிய ஆவல்.' சூட்சுமம் பாத்தியா? முதல்ல நம்ம சேதி, பொறவுதான் கேள்வி. 'நம்ம மாமரம் பூத்துட்டு, அங்க மழை உண்டா?'ன்னு கேட்டுப் பாரு. எதிராளிக்குப் பேச ஒரு நூல் கிடைக்கும்.

அடுத்தது தூண்டில்காரன். ஆறு மாசமா மூச்சு விடாதவன் 'மாமா சுகம்தானா'ங்கான். 'சுகம்'னு போட்டேன். 'மாமிக்கு முட்டுவலி?' 'தேவலை.' மூணாவது வரியில, 'மாமா, ஒரு ஜாமீன் கையெழுத்து வேணும்.' மாமியோட முட்டைத் தடவி என் கையைப் பிடிக்கான்! காரியம் வேணும்னா காரியத்தைச் சொல்லு. நானும் இல்லைன்னு சொல்லிட்டு நிம்மதியா இருப்பேன். சுகவிசாரிப்பையும் காரியத்தையும் ஒரே இலையில விளம்பாதே.

அதுக்காக ஓயாமயும் கேக்காதே. கிழக்கே கோட்டையில மேத்தன் மணி பாத்திருக்கியே? அந்தக் கடியாரத்துல இருக்கப்பட்ட தாடிக்காரரு மணிக்கொரு தரம் வாயைத் திறப்பாரு. உடனே ரெண்டு பக்கமும் கடா வந்து கன்னத்துல இடிக்கும். மகாராசா காலத்துலயே புத்தி சொல்லி உசரத்துல மாட்டி வச்சிருக்கு. நீ 'பாத்துட்டும் பேசாம இருக்கியே'ன்னு ஒண்ணு, பொறவு மூணு கேள்விக்குறின்னு அனுப்பிக்கிட்டே இருக்கே. நீலக் குறி விழுந்தா அது என்ன, பதில் தாறேன்னு எழுதிக் குடுத்த பத்திரமா? அடுத்த வீட்டு மலையாளத்துக்காரரைப் பாரு. மதிலுக்கு மேல தலையை நீட்டி, 'அண்ணா, எந்தரு விசேஷம்?'ம்பாரு. நான் வாயைத் திறக்குமுன்ன போயிருவாரு. கேட்டாரு, முடிஞ்சு. எனக்கு நாள் முழுக்க சந்தோசம்.

காலம்பற நான் ரோசாப்பூ படம் அனுப்புகேன்னு நீயும் உன் பெண்டாட்டியும் சிரிக்கது தெரியும். காதுதான் மந்தம், கண்ணு இல்ல. சாலைக் கம்போளத்துல என் பக்கத்துல கடை வச்சிருந்தவரு இப்போ கரமனையில ஒத்தைக்கு இருக்காரு. மக்க ரெண்டும் துபாய்ல. ஆறு மணிக்கு நான் பூ அனுப்புவேன். ஆறேகாலுக்கு அவரு சாமி படம் அனுப்புவாரு. 'இன்னைக்கும் எழும்பிட்டேன்', அவ்வளவுதான் அர்த்தம். போன மாசம் ஒருநாள் ஏழு மணியாகியும் ஒத்தை டிக்கு. ஆட்டோ பிடிச்சு ஓடினேன். கதவைத் திறந்து, "சார்ஜரு கெட்டுப்போச்சு வே, சாயா குடிக்கேரா?"ன்னாரு. "அதுக்குத்தான் வே வந்தேன்"னு சொல்லிட்டேன்.

செரி, நீ கிளம்பு. எனக்கு ரோசாப்பூ ஒண்ணும் அனுப்ப வேண்டாம். ராத்திரி சோலி முடிய நேரமாச்சுன்னா, 'வந்துட்டு இருக்கேன்'னு ஒரு வரி போடு. உன் பாட்டிக்குத்தான் உறக்கம் வரமாட்டேங்கு. எனக்கொண்ணும் இல்ல.