ஆசிரமத்தில் பொங்கல்

ஆசையை விடுவதற்கென்று கூடியவர்கள் ஒரு பானையின் முன்னால் ஆசையோடு காத்திருக்கும் விழா ஆசிரமப் பொங்கல். சூரியன் மகர ராசிக்குள் நுழையும் தை முதல் நாளில், அதாவது ஜனவரி 14 அல்லது 15 அன்று, இது நடைபெறும். சடங்கில் வீட்டுப் பொங்கலுக்கும் இதற்கும் வேறுபாடு கிடையாது, ஆட்களில்தான் உண்டு. வீட்டில் பானையின் குணமறிந்த பாட்டி ஒருவர் இருப்பார். ஆசிரமத்தில் பரம்பொருளுக்குக் குணமே இல்லை என்று அறிந்த நாற்பது பேர் இருப்பார்கள்.

விழா போகியில் தொடங்குகிறது. வேண்டாதவற்றைக் கழித்து இடத்தைத் துப்புரவாக்கும் நாள் அது. எல்லாவற்றையும் விட்டு வந்தவர்களிடம் கழிக்க ஒன்றும் இருக்காது என்பது கொள்கை. அறைகளைப் பெருக்கினால் கட்டிலுக்கடியிலிருந்து உடைந்த குடை, ஊறுகாய் பாட்டில்கள், எந்தக் கைப்பேசிக்கும் பொருந்தாத சார்ஜர்கள், பற்றறுத்தல் பற்றிய ஒரே நூலின் நான்கு பிரதிகள் ஆகியவை வெளிவரும். ரப்பர், பிளாஸ்டிக் பொருள்களைப் போகியன்று எரிக்க வேண்டாம் என்று தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் கேட்டுக்கொள்கிறது. ஆசிரமவாசிகள் ஒரு படி மேலே போய் எதையுமே எரிப்பதில்லை. ஒருவர் கழித்ததை அடுத்த அறைக்காரர் "இருக்கட்டும், எதுக்காவது ஆகும்" என்று எடுத்துக்கொள்வதால், மாலைக்குள் எல்லாம் வேறு கட்டில்களுக்கடியில் சேர்ந்துவிடும்.

மறுநாள் முதல் சிக்கல், நேரம். வாக்கியப் பஞ்சாங்கம் ஒன்று சொல்லும். திருக்கணிதப் பஞ்சாங்கம் வேறொன்று சொல்லும். காலம் வெறும் தோற்றமே என்று ஆண்டு முழுவதும் கேட்டுத் தலையாட்டியவர்கள், அன்று கால் மணி நேரத்துக்காக இரு கட்சியாகப் பிரிவார்கள். பொறியியல் படித்த சீடர் ஒருவர் இரண்டு கட்சியையும் மறுப்பார். சூரியன் வடக்கே திரும்புவது உண்மையில் டிசம்பர் 21 அல்லது 22இல். பூமியின் அச்சு மெல்லச் சுழன்று விலகுவதால் அதற்கும் தை முதல் நாளுக்கும் ஏறத்தாழ 70 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் இடைவெளி கூடி, இப்போது மூன்று வாரத்தைத் தாண்டிவிட்டது என்பது அவர் வாதம். அதில் பிழை ஏதும் இல்லை. அவர் சொல்லி முடிப்பதற்குள் அடுப்பு அணைந்துவிடும் என்பதே குறை.

அடுப்பை மறுபடி மூட்டும் பொறுப்பு குருவிடம் வந்து சேரும். "சாமி, நீங்க எதுக்கு? நாங்க பாத்துக்குறோம்" என்று சொல்லிக்கொண்டே சீடர்கள் ஊதுகுழலை அவரிடம் நீட்டுவார்கள். "பாத்துக்கிட்டுத்தானப்பா இருக்கீங்க" என்பார் அவர். எதையும் சாட்சியாக நின்று பார்க்கும்படி போதித்தவர் அவரேயாதலால் மேற்கொண்டு கண்டிக்க வழியில்லை.

குரு அடுப்பங்கரைக்கு வருவதற்கு நல்ல முன்னுதாரணம் உண்டு. திருவண்ணாமலையில் ரமண மகரிஷி விடியுமுன்பே சமையற்கட்டுக்கு வந்து காய் நறுக்குவார். அரைப்பதிலும் கிளறுவதிலும் கைகொடுப்பார். சிந்திய அரிசியைக்கூட வீணாக்க விடமாட்டார். வேதாந்தம் கேட்க வந்து சமையற்கட்டில் பாடம் பெற்ற அன்பர்கள் பலர்.

பானை பொங்குவதற்குக் காரணம் பாலிலுள்ள புரதமும் கொழுப்பும். சூடேறும்போது அவை மேலே ஆடையாகப் படிகின்றன. அடியிலிருந்து கிளம்பும் நீராவி அந்த ஆடையைத் தூக்கிக்கொண்டு நுரையாக எழுகிறது. மண்பானையின் வாய் குறுகலாக இருப்பதால் நுரை சட்டென்று விளிம்பைத் தொடும். பொங்குவது உறுதி, எப்போது என்பதுதான் தெரியாது. மூச்சை எண்ணியும் மனம் அடங்காதவர்கள் இங்கே இமை கொட்டாமல் உட்கார்ந்திருப்பார்கள். யாராவது ஒருவர் கைப்பேசியை எடுக்கத் திரும்பும் விநாடியில் பானை பொங்கிவிடும்.

பொங்கும்போது "பொங்கலோ பொங்கல்" என்று குரலெழுப்ப வேண்டும். மௌன விரதக்காரர்கள் நிலைமை இங்கே இக்கட்டானது. தாம்பாளத்தைத் தட்டினால் விரதம் முறியாது என்ற சமரசத்தின்படி, ஆண்டு முழுவதும் பேசாமல் அடக்கியதையெல்லாம் அவர்கள் தாம்பாளத்தில் காட்டுவார்கள். எந்தத் திசையில் வழிந்தால் என்ன பலன் என்ற நம்பிக்கையும் உண்டு. எத்திசையும் ஒன்றே என்று கொள்வது சீடர்க்கு அழகு. ஆயினும் கிழக்குப் பக்கத்துச் செங்கல் இரவோடிரவாகச் சற்றே தாழ்ந்திருக்கும்.

சர்க்கரைப் பொங்கலுக்குப் பச்சரிசி ஒரு பங்கு, பாசிப்பருப்பு கால் பங்கு, வெல்லம் இரண்டு பங்கு. நெய் கை தாராளத்தைப் பொறுத்தது. அரிசி நன்றாகக் குழைந்த பிறகே வெல்லம் சேர்க்க வேண்டும். முந்திப் போட்டால் அரிசி வேகாமல் விறைத்து நின்றுவிடும். பக்குவப்படாத சீடனுக்குச் சித்திகளைக் காட்டக் கூடாது என்பதற்கு இதைவிட வசதியான உவமை கிடையாது என்பதால், குருமார்கள் இதைத் தவறவிடுவதில்லை. பந்தியில் தமக்கு மட்டும் கூடுதலாக எதையும் பரிமாறுவதை ரமணர் பொறுத்துக்கொண்டதில்லை. இன்றைய பந்தியிலும் அந்தச் சமத்துவம் நிலவுகிறது. முந்திரிப் பருப்பு வரும்வரை.

மாட்டுப் பொங்கலன்று தொழுவம் களைகட்டும். மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, மாலை போட்டுப் பூசை செய்வார்கள். புகழிலும் பூசையிலும் சலனமில்லாமல் அசைபோடும் ஒரே உயிர் மாடு என்பதை அன்று எல்லோரும் கண்ணால் காணலாம். ரமணாசிரமத்துக்கு 1926இல் கன்றாக வந்த லட்சுமி என்ற பசு 1948 ஜூன் 18 அன்று இறந்தபோது, அது முக்தியடைந்ததாக மகரிஷி செய்யுள் எழுதினார். பல ஆண்டு சாதனை செய்த சீடர்கள் பலருக்கு அப்படியொரு சான்று எழுத்தில் கிடைக்கவில்லை. தொழுவத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: மாட்டுக்குப் பொங்கலை அளவு மீறி ஊட்டினால் வயிற்றில் அமிலம் மிகுந்து நோய் வரும். ஆளுக்கொரு கவளமாக நாற்பது பேரும் புண்ணியம் தேடாதபடி வாசலில் ஒருவரை நிறுத்துவது நல்லது.

அதே நாளில் திருவண்ணாமலை அண்ணாமலையார் கோயிலில் பெரிய நந்திக்குக் காய்கனி, முறுக்கு, அதிரசம் கோத்த மாலைகள் சாத்தப்படும். பின்னர் திருவூடல். ஈசனை மட்டும் வணங்கி அம்மனை விட்டுவிட்ட பிருங்கி முனிவரால் மூண்ட சண்டை, திருவூடல் தெருவில் நடித்துக் காட்டப்படும். கோபித்துக்கொண்டு அம்மன் கோயிலுக்குள் போய்விட, சுவாமி வெளியே தங்க நேரும். மறுநாள் தனியாகக் கிரிவலம் போய் வந்த பிறகே ஊடல் தீரும். இல்லறத்தைவிடத் துறவறம் எளிது என்று சீடர்கள் சிலர் முடிவு செய்வது இந்தத் தெருவில்தான். துறவறத்தைவிட இல்லறமே பரவாயில்லை என்று முடிவு செய்தவர்களும் உண்டு. அவர்கள் பொங்கல் அடுப்புக்கு விறகு பிளந்தவர்கள்.

காணும் பொங்கலன்று பெரியவர்களை வணங்கி ஆசி பெறுவது வழக்கம். சீடர்கள் வரிசையில் நின்று குருவின் காலில் விழுந்து ஒரு துண்டுக் கரும்பு வாங்கிக்கொள்வார்கள். அடிக்கரும்பு கிடைத்தவர் ஆசி பெற்றதாகவும், நுனிக்கரும்பு கிடைத்தவர் சோதிக்கப்பட்டதாகவும் பொருள் கொள்வார்கள். அத்துடன் விழா நிறைவுறும். அடுத்த நாள் விடியற்காலைத் தியானம் வழக்கமான நேரத்துக்கே தொடங்கும். கூட்டம் மட்டும் வழக்கத்தில் பாதி.