ஆணித் தேற்றம்: மின்பிக்கப்பில் ஐந்தாம் சக்கரம் குறித்து ஓர் ஆய்வு

மின்சார பிக்கப் வண்டி ஒரு முறை சார்ஜ் செய்தால் எவ்வளவு தூரம் ஓடும் என்ற கேள்விக்கு அமெரிக்காவில் இதுவரை சொல்லப்பட்ட விடைகள் யாவும் குறையுடையன என்பது இக்கட்டுரையின் துணிபு. அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, ரிவியன் ஆர்1டி என்ற மின்பிக்கப் முதலில் வந்தபோது அதற்கு 314 மைல் என்று சான்றளித்தது. ஏறத்தாழ 505 கிலோமீட்டர். சோதனைக்கூடத்தில் வண்டியை உருளைகளின்மேல் நிறுத்தி ஓட்டிப் பெற்ற கணக்கு அது. உருளைகளின்மேல் ஆணி கிடப்பதில்லை. ஆகவே நாம் முன்வைக்கும் தேற்றம் இது: ஸ்டெப்னி கூடவே வந்தால் வண்டியின் எல்லையைப் பேட்டரி தீர்மானிக்கும், வராவிட்டால் முதல் ஆணி தீர்மானிக்கும். சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்று திரையையே பார்த்துக்கொண்டு ஓட்டுபவர்கள் தங்கள் கவலையைத் தவறான இடத்தில் முதலீடு செய்திருக்கிறார்கள்.

இதற்கு வரலாறு சான்று. 1888-ல் பெல்ஃபாஸ்டில் ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளில் பரீட்சித்துப் பார்த்த காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அன்று முதல் மனிதர்கள் காற்றின்மேல் பயணம் செய்கிறார்கள். காற்றும் அன்று முதலே வெளியேற வழி பார்த்துக்கொண்டிருக்கிறது. 1895-ல் பாரிஸ்–போர்தோ–பாரிஸ் பந்தயத்தில் காற்று டயர் மாட்டிய காரை ஓட்டிய மிஷ்லென் சகோதரர்கள் வழிநெடுகப் பஞ்சரோடு மல்லாடினார்கள். நான்கே ஆண்டுகளில், பாரிசுக்கு அருகே, கமீல் ஜெனாட்ஸி என்ற பெல்ஜியர் மணிக்கு 105 கிலோமீட்டருக்கு மேல் பாய்ந்தார். நூறைத் தாண்டிய முதல் சாலை வாகனமான அந்தக் கார் மின்சாரத்தில் ஓடியது. டயர்கள் மிஷ்லென் தந்தவை. எனவே மின்மோட்டாரும் காற்று டயரும் பழைய கூட்டாளிகள், ஒன்றின் பலவீனத்தை மற்றது நன்கறியும். 1904-ல் வேல்ஸில் லனெத்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் சகோதரர்கள், பஞ்சரான சக்கரத்தின்மேல் கவ்வவைத்து ஓட்டத்தக்க ஆரமில்லாத உதிரிச் சக்கரம் ஒன்றைச் செய்து விற்கத் தொடங்கினார்கள். நூற்றாண்டுக்கு மேல் உலகைக் காத்த அந்த ஏற்பாடு, மிக நவீனமான பிக்கப்புகளில் ‘வேண்டுமானால் தனியே வாங்கிக்கொள்க’ என்ற பட்டியலுக்கு எப்படி இறங்கியது என்பதே நம் ஆய்வுக்குரிய புதிர்.

வண்டிகளையே விசாரிப்போம். 2019 நவம்பரில் டெஸ்லா சைபர்டிரக்கை அறிமுகம் செய்தபோது, கண்ணாடியின் உறுதியைக் காட்ட மேடையில் உலோகக் குண்டை அதன்மேல் எறிந்தார்கள். கண்ணாடி விரிசல் விட்டது. உலகம் அதைப் பார்த்துச் சிரித்தது, ஆனால் ஆய்வுமுறையில் அங்கே நிகழ்ந்த பெரும்பிழையை ஒருவரும் சுட்டவில்லை. நெடுஞ்சாலையில் உலோகக் குண்டெறியும் பகைவர் அரியர். ஆணியோ எங்கும் மலிவு. சோதித்திருக்க வேண்டியது டயரை. 2023 இறுதியில் வண்டி வாங்கியவர்களுக்குக் கிடைத்தபோது அதில் 35 அங்குல டயர்கள் நான்கு இருந்தன. ஐந்தாவதற்குத் தனி விலை. ரிவியனிலும் ஸ்டெப்னி கேட்டு வாங்க வேண்டிய பொருளே. வாங்கியவருக்கும் ஒரு சோதனை உண்டு: அது சரக்குப் பெட்டியின் தரைக்குக் கீழுள்ள குழியில் படுத்திருக்கும். பெட்டி நிறைய விறகு ஏற்றிப் போகிறவர், பஞ்சரானால், முதலில் விறகு முழுவதையும் சாலையோரம் இறக்கி அடுக்கிவிட்டு அதன்பிறகே மூடியைத் திறக்கலாம். ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் பழைய பிக்கப்புகளின் வழக்கப்படி பெட்டிக்கு வெளியே, அடியில், ஸ்டெப்னியைத் தொங்கவிட்டது. இந்த ஒரு காரணத்துக்காகவே அதை மூத்தோர் சொல் கேட்ட வண்டி என்று வகைப்படுத்துகிறோம். ஆணிக்கு இவ்வளவு அஞ்சுவானேன் எனில், எடையால் என்க. ஆர்1டி ஏறத்தாழ 3,200 கிலோ. ஹம்மர் மின்பிக்கப் 4,100 கிலோவைத் தொடுகிறது. மிதித்தவுடன் மோட்டார் தரும் முழு இழுவிசையும் சேர்ந்து ரப்பரைச் சீக்கிரம் தேய்க்கிறது. தேய்ந்த டயரில் ஆணிக்கு வழி சுலபம்.

‘பசை இருக்கிறதே, பிறகென்ன?’ என்பார் ஒரு சாரார். டயருக்குள் பீய்ச்சி ஓட்டையை அடைக்கும் திரவத்தைச் சொல்கிறார்கள். அவர் கூற்று பாதி பொருந்தும். தரையில் உருளும் பகுதியில், சுமார் 6 மில்லிமீட்டருக்குள் உள்ள ஓட்டையானால் பசை அடைக்கும்; டயரின் பக்கவாட்டில் கல் கிழித்தால் அடைக்காது. குப்பியில் தேதி முடிந்திருந்தால் எதையுமே அடைக்காமல் போகலாம். ரிவியன் சிலவற்றில் காற்றடிக்கும் கம்ப்ரஸரும் பெட்டியோடு பொருத்தி வருகிறதே எனில், அந்த ஏற்பாட்டை மனமாரப் பாராட்டுகிறோம். மணலில் ஓட்ட இறக்கிய காற்றைத் திரும்ப ஏற்றவும், ரப்பர் திரியால் பஞ்சரை அடைத்தபின் 48 பி.எஸ்.ஐ. வரை நிரப்பவும் அது அருமையான கருவி. பக்கவாட்டில் கிழிந்த டயருக்குக் காற்றடிப்பதோ ஓட்டைக் குடத்துக்கு நீர் இறைப்பது. பசைக் கட்சியும் கம்ப்ரஸர் கட்சியும் உருண்டையான, சிறிய, நாகரிகமான ஓட்டைகளையே மனத்தில் வைத்து வாதாடுகின்றன. சாலை அப்படிப்பட்ட ஓட்டைகளை மட்டுமே வழங்குவதாக எங்கும் ஒப்பந்தம் இல்லை.

அடுத்தவர், ‘போன் செய்தால் உதவி வண்டி வரும்’ என்பார். வரும்; ஆனால் எந்த வண்டி என்பதைக் கேட்க வேண்டும். மின்பிக்கப்பின் சக்கரங்கள் மோட்டாரோடு பிணைந்தவை. தரையில் உருளவிட்டு இழுத்தால் மோட்டார் மின்சாரம் உற்பத்தி செய்யத் தொடங்கிவிடும். அதனால் முழு வண்டியையும் மேலே ஏற்றிச் செல்லும் தட்டையான லாரி வேண்டும், கொக்கி போட்டு இழுக்கும் சாதாரண வண்டி உதவாது. அதை அழைக்க முதலில் சிக்னல் வேண்டும். அலாஸ்காவின் டால்டன் நெடுஞ்சாலை 414 மைல் நீளம். அதில் கோல்ட்ஃபுட்டிலிருந்து டெட்ஹார்ஸ் வரை 240 மைலுக்கு எரிபொருளோ மெக்கானிக்கோ கிடையாது. அந்தச் சாலைக்குப் போகிறவர்களுக்கு அமெரிக்க நில மேலாண்மைத் துறை சொல்லும் யோசனை, ரிம்மோடு கூடிய முழு அளவு ஸ்டெப்னி குறைந்தது இரண்டு கொண்டு போங்கள் என்பது. அரசுத் துறை ஒன்று நம் தேற்றத்தை நமக்கு முன்பே, அதுவும் இரட்டிப்பாக, ஏற்றுக்கொண்டிருப்பது ஆய்வாளருக்கு ஆறுதல்.

எஞ்சிய ஆட்சேபங்கள் இரண்டு. ஸ்டெப்னியின் எடை பேட்டரியின் தூரத்தைத் தின்னும் என்பது ஒன்று. சக்கரமும் டயருமாகச் சுமார் 40 கிலோ; 3,200 கிலோவில் நூற்றுக்கு ஒன்றேகால். ஓட்டுநர் காலை இட்லியைத் தவிர்த்தால் ஈடாகாது என்பது உண்மைதான், ஆனாலும் அற்பம். இடத்தை அடைக்கும் என்றால், பல பிக்கப்புகளின் பெட்டியில் பெரும்பாலும் பயணம் செய்வது வெறும் காற்றே. டயரில் இருக்க வேண்டிய பொருள் பெட்டியில் இருக்கிறது, அவ்வளவுதான். மற்றொன்று தருக்கவாதியின் ஆட்சேபம்: ஒரு ஸ்டெப்னி அவசியமானால் அதுவும் பஞ்சராகலாம், எனவே இரண்டாவதும் மூன்றாவதும் வேண்டுமே, இது முடிவில்லாத தொடர்ச்சி என்னும் அனவஸ்தைக் குற்றமாகாதா? ஆகாது. முதல் ஸ்டெப்னி மாட்டியபின் வண்டி ஓடுகிறது. ஓடும் வண்டி பஞ்சர் கடையை அடையும். கடையை அடைந்த இடத்தில் தொடர்ச்சி அறுபடுகிறது. டால்டனில் கடை இல்லாததால்தான் துறை இரண்டு கேட்டது. கடைக்கும் நமக்கும் உள்ள தொலைவே ஸ்டெப்னிகளின் எண்ணிக்கையைக் குறிக்கும்.

இனிச் செய்முறை. வண்டியின் அடிப்பரப்பு நெடுகப் பேட்டரி பரந்திருப்பதால் ஜாக்கியைக் கண்ட இடத்தில் முட்டுக்கொடுக்கக் கூடாது. கையேடு காட்டும் புள்ளிகளில் மட்டுமே வைக்க வேண்டும். காற்று சஸ்பென்ஷன் உள்ள வண்டியில், டயர் மாற்றுவதற்கான நிலையைத் திரையில் தேர்ந்துவிட்டுத் தூக்கவும். இல்லையேல் வண்டி தன்னைத் தானே சமன்செய்ய முனையும். ஜாக்கியும் வீல் ஸ்பேனரும் வண்டியோடு வந்தனவா என்று வாங்கும் நாளிலேயே எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் திரை காட்டுவது ஓடும் நான்கு டயர்களின் அழுத்தம் மட்டுமே. ஐந்தாவதில் காற்று இருக்கிறதா என்பதை மாதம் ஒருமுறை அளவுமானி வைத்து நீங்கள்தான் பார்க்க வேண்டும்.