நீர்மோர் டிரம் குழாயின் ஒழுக்கம்: ஓர் ஆய்வு

ஆய்வின் எல்லையை முதலில் வகுத்துக்கொள்வது முறை. மேலைநாடுகளில் விருந்துக்கு முன் பழைய பீர்ப் பீப்பாய்க் குழாயைக் கழற்றிக் கழுவிச் சோதிப்பது தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. தருமபுரி மாவட்டத்தில் அது தலையெடுக்காததற்கு வரலாற்றில் காரணம் உண்டு. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். தருமபுரி அப்போது அதற்குள் அடக்கம், தனி மாவட்டமானது 1965-இல்தான். பிற்பாடு மதுவிலக்கு போனது, வந்தது, டாஸ்மாக்கும் வந்தது. வந்ததெல்லாம் பாட்டில். குழாய் வைத்த கலம் என்று நம் விசேஷங்களில் நிற்பது வாடகைப் பாத்திரக் கடையின் எவர்சில்வர் டிரம்தான். உள்ளே நீர்மோர்.

இக்கட்டுரையின் கருதுகோள்: குழாய் திறக்கிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள், மூடுகிறதா என்று ஒருவரும் பார்ப்பதில்லை. டிரம் எடுக்கப் போகும் தாய்மாமன் கைப்பிடியை இரண்டு முறை ஆட்டிப் பார்க்கிறார். அதுவும் காலி டிரம்மில்.

"ஒழுகாதில்லண்ணா?"

"அதெல்லாம் ஒழுகாதுங்க. லேசா சொட்டும், அவ்ளோதான்."

அந்த 'லேசா'வை அளப்போம். ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மில்லிலிட்டர். நொடிக்கு ஒன்று விழுந்தால் ஒரு நாளில் 4 லிட்டருக்கு மேல். கிணற்று நீரில் புளூரைடு மிகுந்த மாவட்டம் இது. அதற்கு மாற்றாக ஒகேனக்கலிலிருந்து பம்பு வைத்து ஏற்றிக் கொண்டுவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல்தான் திறக்கப்பட்டது. அவ்வளவு தூரம் மேடேறி வந்த காவிரி, கடைசி முழத்தில் மேசைவிரிப்பு வழியாக மண்டபத் தரைக்கு இறங்குகிறது.

ஜோசப் பிராமா என்ற ஆங்கிலேயரை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. 1784-இல் அவர் காப்புரிமை பெற்ற பூட்டு வகையை 1851 வரை யாராலும் கள்ளத்தனமாகத் திறக்க முடியவில்லை. திறந்த ஹாப்ஸ் என்ற அமெரிக்கருக்கும் 16 நாட்களில் 51 மணி நேரம் பிடித்தது. அதே பிராமாதான் 1797-இல் பீர் இறைக்கும் பம்புக்கும் காப்புரிமை வாங்கினார். ஊற்றும் கருவியைச் செய்தவருக்கு மூடி வைக்கவும் தெரிந்திருந்தது என்பதே நமக்கு வேண்டிய சான்று.

இனி உடற்கூறு. டிரம்மின் துளைக்கு உள்ளே ஒரு ரப்பர் வாஷர், வெளியே ஒன்று, உள்பக்கம் இறுக்க ஒரு நட்டு. நட்டைக் கழற்றினால் பழைய விசேஷங்கள் அனைத்தும் அங்கே படிந்திருக்கும்: மஞ்சளேறிய பால் ஆடை, உப்புத் தண்ணீர் விட்ட வெள்ளைப் பொருக்கு, மரையில் சுற்றிக்கொண்ட கொத்தமல்லி நார். பொருக்குக்குப் புளி போதும். பால் ஆடைக்குச் சூடான சோப்புத் தண்ணீரும் நீள பிரஷும் வேண்டும், புளி அதைத் தொடாது. வாஷரை நகத்தால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் உடனே மீண்டால் இன்னொரு முகூர்த்தம் தாங்கும். மீளாவிட்டால் புதிது வாங்குவது நல்லது. சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டிப் போடும் மரபு ஒன்றும் உண்டு. அது ஒழுகாது, மோர்தான் பஞ்சர் கடை மணக்கும்.

ஆனால் சுத்தமான குழாயும் சொட்டும். குற்றவாளி பெரும்பாலும் கறிவேப்பிலை. தாளிப்பின் ஒரு துணுக்கு குழாயின் வாயில் சிக்கினால் கைப்பிடி முழுக்கத் திரும்பியும் மூடாது. வடிகட்டி ஊற்றினால் தீரும் வியாதி. வடிகட்டினால் ருசி போகிறது என்று சமையல்காரர் கோபித்துக்கொள்வது வேறு வியாதி.

டாரிசெல்லி என்ற இத்தாலிய அறிஞர் 1644-இலேயே எழுதிவைத்தார்: பாயும் வேகம் மேலே நிற்கும் திரவத்தின் உயரத்தைப் பொறுத்தது. முக்கால் டிரம் காலியானதும் மோர் மெலிந்து வரும். தருமபுரி குமாரசாமிப்பேட்டை முருகன் கோயில் தைப்பூசத் தேரில் பெண்களே வடம் பிடிப்பார்கள். அவ்வளவு பெரிய தேரை இழுத்துவிட்டு மோருக்கு வந்தவர்களிடம் டாரிசெல்லியை விளக்க முடியாது. கைப்பிடியை அழுத்துவார்கள், டிரம்மைச் சாய்ப்பார்கள். குழாய் உடைவது அந்த நேரத்தில்தான். மோர் அறவே நின்றுவிட்டால் முதலில் மூடியைத் திறக்கவும். காற்று உள்ளே போக வழியில்லாவிட்டால் மோர் வெளியே வராது.

ஆகவே சோதனை ஒன்றே: முதல் நாள் இரவே டிரம்மை வாய்வரை தண்ணீரால் நிரப்பி, கீழே காய்ந்த செய்தித்தாள் விரித்து, விட்டுவிட வேண்டும். காலையில் தாளில் ஈரம் எங்கே என்று பார்த்தால் வாஷரா, வாயா என்பது தெரிந்துவிடும்.

குழாயே வேண்டாம், அண்டாவில் சொம்பால் மொண்டு ஊற்றலாம் என்று வாதிடும் பெரியப்பாக்களின் கட்சி ஒன்று உண்டு. ஒழுகாத முறை என்பதை ஒப்புக்கொள்கிறோம். அந்தச் சொம்பு ஒவ்வொரு விசேஷத்திலும் பதினொரு மணிக்கு மேல் எங்கே போகிறது என்ற கேள்விக்கு அக்கட்சி இன்றுவரை பதில் தரவில்லை.