மச்சான் கணக்கு

வீட்டுக்கு மெயின்லைன் ஸ்டெபிலைசர் எத்தனை கேவிஏவில் வாங்கினால் தாங்கும் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்லிவிடுகிறேன். அதற்கு முன், நேற்றுக் காலை வந்துபோன மச்சானைப் பற்றி இரண்டு வார்த்தை.

மார்கழிக் குளிர், வாளியில் ராடு. பாலக்கோடு பக்கம் எங்கள் தெருவில், லைன் முடிகிற இடத்தில் வீடு. மீட்டர் 170 வோல்ட் காட்டுகிறது. ராடு ஓடும்போதே மச்சான் தண்ணீரில் விரலை விட்டார். அந்தக் குடும்பமே அப்படித்தான். விட்டுவிட்டு, "வோல்டேஜ் கம்மியா வந்தா நல்லதுதானே மாப்ள, பில்லும் கம்மியா வரும்" என்றார்.

எனக்கு ஏறியது. ராடில் 1500 வாட்ஸ் என்று அச்சடித்திருக்கிறான். 230 வோல்ட் வந்தால்தான் அந்த 1500. அப்போது ஓடுவது ஆறரை ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் தடை 35 ஓம் சொச்சம். அது கம்பியின் பிறவிக் குணம், வோல்டேஜ் இறங்கினாலும் பெரிதாக மாறாது. 170-ஐ 35-ஆல் வகுங்கள், ஐந்து ஆம்பியர்கூட வராது. மறுபடி 170-ஆல் பெருக்குங்கள், சுமார் 820 வாட்ஸ். வோல்டேஜில் போனது கால்வாசி, சூட்டில் போனது பாதிக்குக் கிட்ட. வோல்ட் இறங்கும்போது ஆம்பியரையும் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு போகிறதே! இருபது நிமிடத்தில் காயவேண்டிய வாளி நாற்பது நிமிடம் ஆகும். பாதி வாட்ஸ், இரட்டை நேரம், யூனிட் அதே. இடையில் ஆறிப்போகிற சூட்டுக்கும் சேர்த்து நாம்தான் கட்டவேண்டும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு மச்சான் ராடைக் காட்டி, "போர் தண்ணி உப்பு வெள்ளையா ஒட்டியிருக்கு பாரு. அதான் ரெசிஸ்டன்ஸ்" என்றார்.

இந்தத் தடைக் கணக்கை ஜார்ஜ் ஓம் 1827-இல் புத்தகமாகப் போட்டபோது சொந்த நாட்டிலேயே சரியாக மதிக்கவில்லை. லண்டன் ராயல் சொசைட்டி பதக்கம் கொடுத்ததே 1841-இல்தான். அவருக்கும் பெண் கொடுத்த வகையில் யாராவது இருந்திருந்தால் அந்தப் புத்தகமே வந்திருக்காது.

"அப்ப மோட்டாருக்கும் ஆம்பியர் குறையும்ல?" குறையாது மச்சான்! தண்ணீர் இழுக்கிற மோட்டார் வோல்டேஜ் குறைந்தால் ஆம்பியரைக் கூட இழுக்கும், காயில் கருகும். ரீவைண்டிங் கடைக்காரர்கள் வீடு கட்டுவது பின் எப்படி?

த்ரீ பேஸ் வரும் நேரம் யாருக்கும் நினைவிருக்க வேண்டியதில்லை என்று எல்லாத் தோட்டத்திலும் ஸ்டார்ட்டரை ஆட்டோவில் போட்டுவிட்டுத் தூங்குகிறார்கள். கரண்டு வந்த நொடியில் அத்தனை போரும் ஒன்றாகக் கிளம்பும். 5 எச்பி என்றால் 3.7 கிலோவாட்; கிளம்பும்போது அது இழுப்பது ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு ஆம்பியர். எங்கள் வீட்டு டியூப்லைட் கண்ணடிக்கும். அந்த வரிசையில் முதல் போர் யாருடையது? வாளியில் விரல் விட்டவருடையது.

ஸ்டெபிலைசருக்கு வருகிறேன். 170-ஐ வாங்கி 230 ஆக்கிக் கொடுக்க அது லைனிலிருந்து ஆம்பியரைக் கூடுதலாக உறிஞ்சும். என் ராடுக்காக அது ஒன்பது ஆம்பியருக்குக் கிட்ட இழுத்தால் பக்கத்து வீட்டுக்கு 160. அந்த வீட்டுக்காரர் நேற்று 5 கேவிஏ இறக்கிவிட்டார். ஆகவே எனக்கு இப்போது 150. கடைக்காரரிடம் 10 கேவிஏ விலை கேட்டிருக்கிறேன். மச்சானுக்குத் தெரிந்த கடையாம், குறைத்துத் தருவார்களாம்.