கோணல் கோடும் கொலு பொம்மையும்

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாடகை வீடு. ஐந்து வயது மகளின் அறையை அழகுபடுத்த 2,000 ரூபாய்தான் இருக்கிறது. சுவரில் ஸ்டிக்கர் ஒட்டலாமா?

பதில்: தாராளமாக. ஐப்பசி மழை அதை உரித்துத் தரும், கூலி மிச்சம். கடலோர ஊரில் ஈரச்சுவருக்கும் பசைக்கும் ஒத்துப்போவதில்லை அம்மா.

வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டு, ஒரே ஒரு காய்ந்த சுவருக்கு, பிள்ளைக்கு எட்டும் உயரம்வரை கரும்பலகை பெயின்ட் அடியுங்கள். பிறகு ஒரு ஞாயிறு பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டுக்குக் கூட்டிப் போங்கள்; பார்த்ததை வந்து அந்தச் சுவரில் வரையட்டும். சுரபுன்னை வேரை வரைவதில் ஒரு வசதி: கோடு எவ்வளவு கோணலோ, அவ்வளவு தத்ரூபம்! 1975இல் வந்த 'இதயக்கனி'யில் எம்.ஜி.ஆருக்கே பின்னணியாக நின்ற காடு, உங்கள் மகளுக்குப் போதாதா? திரும்பும் வழியில் சிதம்பரம் கோபுர வாசலில் 108 நடனக் கரணச் சிற்பங்களையும் காட்டுங்கள். அதில் பாதியை அவள் ஏற்கெனவே சோபாவில் ஆடியிருப்பாள்.

பொம்மைக்குக் கடை ஏற வேண்டாம். ஒன்பது நாள் உத்தியோகம் பார்த்துவிட்டு வருஷம் முழுக்கப் பரணில் தூங்கும் பண்ருட்டி கொலு பொம்மைகளில் காகிதக்கூழ் வகையை மட்டும் இறக்குங்கள். மண் பொம்மை பரணிலேயே பத்திரம்.

கட்டில் மட்டும் இப்போது வாங்காதீர்கள். எப்படியும் இன்னும் சில வருஷம் அவள் தூங்கப்போவது உங்கள் பக்கத்தில்தான்.